ஆவணமும் நினைவும்: ‘பாலஸ்தீனம் 36’ என்னும் வரலாற்றுத் திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

வரலாற்றைப் பொருளாகக் கொண்டு எழும் கலைப்படைப்பினை ஆராயப் புகுவார் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. அப்படைப்பு வரலாற்றுக்கு எத்துணை உண்மையாய் உள்ளது என்பது ஒன்று. கலையென்னும் நிலையில் எத்துணை நிறைவு பெற்றுள்ளது என்பது மற்றொன்று. நடந்ததைக் கூறுவது வரலாறு என்றும், நடக்கத்தக்கதைக் கூறுவது கவிதை என்றும் அரிஸ்டாட்டில் வகுத்த பாகுபாடு இவ்விரு வினாக்களையும் தனித்தனியே நிறுத்தி ஆராய்வதற்குத் துணை செய்கின்றது. ஆயினும் அப்பாகுபாடு ஒன்றனை உடன்பட்டுக்கொண்டே எழுகின்றது. நடந்தது இன்னது என்பது வேறோரிடத்தில் எழுதப்பெற்றுக் காக்கப்பட்டுள்ளது. கலைஞன் படைத்ததை அதனோடு ஒப்புநோக்கலாம் என்பதே அது. எழுதியவர் ஆண்டவராகவும், ஆளப்பட்டவரின் ஊரும் ஏடும் அழிந்தனவாகவும் இருக்குமிடத்து அவ்வொப்புநோக்கு எவ்வாறு இயலும்? அங்குக் கலைஞன் எதற்கு உண்மையாய் இருத்தல் வேண்டும்?

பாலஸ்தீன நாட்டு இயக்குநர் ஆன்மரி ஜாசிர் அம்மையார் எழுதி இயக்கிய ‘பாலஸ்தீனம் 36’ என்னும் திரைப்படம் இவ்வினாவை நேராக எழுப்புகின்றது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் டொராண்டோத் திரைப்பட விழாவில் முதன்முறையாகக் காட்டப்பெற்ற இப்படம், அவ்வாண்டிலேயே தோக்கியோ விழாவின் முதற்பரிசினையும் பெற்றது. ‘இக்கடலின் உப்பு’ (2008), ‘உன்னைக் கண்டபோது’ (2012), ‘வாஜிப்’ (2017) என்னும் படங்களில் அம்மையார் ஓரிருவர் வாழ்வையே பொருளாகக் கொண்டார். ஒரு நாட்டின் எழுச்சியை முழுமையாகக் காட்ட முற்பட்டது இப்படத்தில்தான். அதன் அமைப்பையும், அது ஆவணங்களைக் கையாளும் முறையையும், அதன் குறைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரலாற்றுப் பின்னணி

படத்தை மதிப்பிடுதற்குரிய அளவில் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் தகும். முதல் உலகப் போரில் துருக்கியரிடமிருந்து பாலஸ்தீனத்தைக் கைப்பற்றிய பிரிட்டிஷார், யூதர்களுக்கு அங்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவளிப்பதாக 1917-இல் பால்பர் அறிக்கையின் வாயிலாக உறுதி கூறினர். 1922-இல் உலக நாடுகள் சங்கத்தின் ஆணைப்படி அந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பு அவர்களுக்கு முறைப்படி உரித்தாயிற்று. 1930-களில் செருமனியில் இட்லரின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய யூதர் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். அவர்தம் துன்பம் மெய்யானது. அதன் விலையைக் கொடுக்குமாறு பணிக்கப்பட்டவர் அத்துன்பத்திற்குக் காரணர் அல்லாத பாலஸ்தீன உழவர் என்பதும் மெய்யே.

1936 ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை ஏறக்குறைய ஆறு திங்கள் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. அரபு மன்னர்களின் வேண்டுகோளை ஏற்று அது நிறுத்தப்பட்டது. பீல் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1937 சூலையில் தன் அறிக்கையை வெளியிட்டு, நாட்டைப் பிரித்துவிடப் பரிந்துரைத்தது. அதன் பின்னர் எழுச்சி ஆயுதப் போராக மூண்டு 1939 வரை நீடித்தது. 1938-இல் அதனை அடக்கப் பிரிட்டிஷார் 20,000-க்கு மேற்பட்ட படைவீரர்களை அங்கு நிறுத்தினர். அரபு மக்களுள் மாண்டவர் ஏறத்தாழ 5,000 பேர் என்பது வாலித் காலிதி என்னும் வரலாற்றாசிரியரின் கணிப்பு.

இவ்வெழுச்சியின் தன்மையில் ஒன்று ஈண்டு கருதத்தக்கது. நகரத்துப் பெருங்குடியினர் குழுக்கள் அமைத்தும் மனுக்கள் எழுதியும் நின்றனர். படையாய்த் திரண்டவர் பெரும்பாலும் சிற்றூர் உழவரும் துறைமுகக் கூலியாட்களுமே. 1938-இல் எழுச்சியாளர் நகர மாந்தரும் தங்கள் சிவந்த தொப்பியை நீக்கி உழவரின் தலைத்துணியை அணிதல் வேண்டுமெனக் கட்டளையிட்டனர். உழவன் உடை நாட்டின் உடையாயிற்று. இத்தகைய எழுச்சிக்குத் தனிப்பெருந் தலைவன் எவனும் இலன்.

3. தலைவன் இல்லாத அமைப்பு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப் பயின்ற நமக்கு இப்படத்தின் பெயரே ஒரு குறிப்பினைத் தருகின்றது. ‘பாலஸ்தீனம்’ என்பது நிலம். ‘36’ என்பது பொழுது. மாந்தர் பெயரோ நிகழ்ச்சியின் பெயரோ தலைப்பில் இடம்பெறவில்லை. பெயர் காட்டும் இக்குறிப்பினைப் படத்தின் அமைப்பும் உறுதிசெய்கின்றது.

அல்-பஸ்மா என்னும் சிற்றூருக்கும் எருசலேம் நகரத்திற்கும் இடையே சென்று வரும் யூசுப் என்னும் இளைஞன் கதையின் இழையாக அமைகின்றான். அவன் நகரத்தில் அமீர் என்னும் செல்வரிடம் பணிபுரிகின்றான். அமீர் ஒரு நாளிதழின் உரிமையாளர்; அவர் மனைவி குலூத் ஆண்மகன் ஒருவனின் புனைபெயரில் அரசியற் கட்டுரைகள் எழுதுகின்றாள். சிற்றூரில் கைம்பெண்ணாகிய ரபாப், அவள் மகள் அப்ரா, பாட்டி ஹனான், பவுலோஸ் பாதிரியார், அவர் மகன் கரீம் முதலியோர் வாழ்கின்றனர். யாப்பாத் துறைமுகத்தில் சுமை தூக்கும் காலித் என்பவன் தனக்குரியது மறுக்கப்பட்ட நிலையில் மலையேறிப் போராளியாகின்றான். இவர்களுக்கு எதிர்ப்புறத்தே உயர் ஆணையர் ஆர்தர் வாச்சோப், அவர் செயலர் தாமஸ் ஹாப்கின்ஸ், படைத்தலைவர் ஆர்டு விங்கேட், காவல் துறை அறிவுரையாளர் சார்லஸ் டெகார்ட் ஆகியோர் நிற்கின்றனர்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் ஒரு படத்தில் இத்துணைப் பேர் இடம்பெறுவது அதன் ஒருமைப்பாட்டைச் சிதைக்கின்றது என்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. காலித்தும் பவுலோஸ் பாதிரியாரும் தம் உள்ளத்தைத் திறக்கும் முன்னரே காட்சி மாறிவிடுகின்றது. ஆயினும், தன்னேரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டுமெனத் தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு வகுத்த இலக்கணத்தை எல்லாக் கதைக்கும் பொருத்துதல் சாலாது. பொருளுக்கு ஏற்ற வடிவம் எது என்பதே கேட்கத்தக்க வினா. ஒரு தலைவனை நடுவில் நிறுத்திக் கதை நடத்தியிருப்பின், எழுச்சியின் வெற்றி தோல்விகள் அவன் ஒருவனுடைய குணத்தால் விளைந்தனவாகத் தோன்றியிருக்கும். உழவனின் நிலமும் கூலியாளின் ஊதியமும் எழுத்தாளரின் ஏடும் பாதிரியாரின் கோயிலும் ஒரே ஆட்சியால் வெவ்வேறு வகையில் நெருக்கப்படுகின்றன என்பதைக் காட்டவே அம்மையார் பலரைக் கொண்டு வந்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் அறியார். அறியாமலே ஒரே திசையில் நகர்கின்றனர். எழுச்சியின் இயல்பு இதுவேயாதலின், இவ்வமைப்பு வரலாற்றுக்குப் பொருந்திய அமைப்பு என்று கொள்ளலாம்.

யூசுப்பின் பாத்திரப்படைப்பு இவ்வகையில் சிறப்புடையது. அவன் தொடக்கத்தில் வீரனும் அல்லன், கொள்கையாளனும் அல்லன். நகரத்தின் உடையையும் ஓசையையும் விரும்புபவன். செல்வர் மனையின் பேச்சைக் கேட்டு நிற்பவன். அப்பேச்சின் பயன் தன் ஊரில் விளைவதையும் காண்பவன். இரண்டு உலகங்களையும் அறிந்தவன் அவன் ஒருவனே. அவன் போராட்டத்தின் பக்கம் சாய்வது ஒரே நொடியில் நிகழும் மனமாற்றமாகக் காட்டப்படவில்லை. நகரத்திற்கும் ஊருக்கும் இடைப்பட்ட வழி மெல்ல மெல்ல அடைபடுவதால் நேர்வதாகவே காட்டப்படுகின்றது.

4. எழுத்தின் ஆட்சி

படத்தின் உள்ளுறையாக யான் கருதுவது வேறொன்று. இக்கதையில் துப்பாக்கிக்கு நிகராக எழுத்தும் ஏடும் படைக்கலங்களாகின்றன. வானொலி, நாளிதழ், நிலப்பதிவு, ஆணைக்குழுவின் அறிக்கை, செய்திப்படம் என்னும் ஐந்தும் ஆட்சியின் கைக்கருவிகள். நடந்தது இன்னது எனப் பதிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதே கதையின் உட்போராட்டம்.

முதலாவது வானொலி. 1936 மார்ச்சுத் திங்களில் பாலஸ்தீன வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அரபு, எபிரேயம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் அது ஒலிபரப்பியது. உயர் ஆணையர் அதனைத் தொடங்கிவைக்கும் விழாவினைப் படம் தன் முற்பகுதியிலேயே காட்டுகின்றது. நகரத்துப் பெருமக்கள் நல்லுடையுடன் கூடி, முன்னேற்றத்தின் அடையாளமென அதனை வரவேற்கின்றனர். அதே ஆண்டில் அந்நாட்டு மக்களுக்கு ஊரடங்கையும் தண்டனையையும் அறிவிக்கும் குரலாக ஆட்சியின் வானொலி மாறியதை வரலாறு அறிந்தோர் அவ்விழாவின் மகிழ்ச்சியை வேறு விதமாக நோக்குவர்.

இரண்டாவது நாளிதழ். அமீர் சியோனிய அமைப்பினரிடமிருந்து மறைவாகப் பொருள் பெறுகின்றார். அவர் இதழில் அரபு மக்களின் பெயரால் வெளியாகும் கருத்து விலைக்கு வாங்கப்பட்டது. அவர் மனைவி எழுதுவதோ உண்மை. ஆனால் அவ்வுண்மையின் அடியில் நிற்கும் பெயர் பொய். ஒரே இல்லத்தில் உண்மைப் பெயரால் பொய்யும், பொய்ப் பெயரால் உண்மையும் எழுதப்படுகின்றன. இவ்வமைப்பு படத்தின் மிக நுட்பமான பகுதிகளுள் ஒன்று. அக்காலத்து அரபு நாட்டுச் சிற்றூர்களில் எழுத்தறிந்தவன் ஒருவன் நாளிதழைப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம் என்பதை நினைவுகொண்டால், அவ்வில்லத்தின் எழுத்து எத்துணைத் தொலைவு சென்றது என்பது புலனாகும்.

மூன்றாவது நிலப்பதிவு. துருக்கியர் 1858-இல் இயற்றிய நிலச்சட்டத்தின்கீழ், வரிக்கும் கட்டாயப் படைச்சேவைக்கும் அஞ்சிய உழவர் பலர் தம் நிலத்தைத் தம் பெயரில் பதிவு செய்யாது விட்டனர். சிலர் பெருங்குடியினர் பெயரில் பதியவிட்டனர். ஊர்ப் பொதுவில் வைத்துக் காலந்தோறும் பங்கிட்டு உழும் முறையும் பரவலாக இருந்தது. உழுபவன் உரிமையாளன் என்பதை ஊர் அறியும், ஏடு அறியாது. பிரிட்டிஷ் ஆட்சி 1928-இல் நில உரிமைத் தீர்வுச் சட்டம் இயற்றியபோது, ஊர் அறிந்ததற்கு மதிப்பில்லை. ஏடு அறிந்ததே செல்லுபடியாயிற்று. பெயர்ப்பதிவு பெற்றிருந்த தொலைவூர்ச் செல்வர் நிலத்தை விற்க, தலைமுறை தலைமுறையாக உழுதவர் வெளியேற நேர்ந்தது. அல்-பஸ்மா மக்களின் கலக்கம் இப்பின்னணியில் வைத்து உணரத்தக்கது. ‘இஃது எம் நிலம்’ என்பதற்கு அவர்களிடம் உள்ள சான்று மரமும் கிணறும் மூதாதையர் கல்லறையுமே.

நான்காவது அறிக்கை. பீல் ஆணைக்குழு பாலஸ்தீனத்தைப் பிரிப்பதோடு அமையவில்லை. மக்களை இடம் மாற்றுவதைப் பற்றியும் ஆராய்ந்தது. யூத நாட்டுக்கெனக் குறித்த பகுதியில் வாழ்ந்த அரபு மக்கள் ஏறத்தாழ 2,25,000 பேர். அரபு நாட்டுக்கெனக் குறித்த பகுதியில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 1,250 பேர். கிரேக்கரும் துருக்கியரும் முன்னர் இடம் மாற்றப்பட்டதை அறிக்கை முன்மாதிரியாகச் சுட்டியது. ஊர்களும் தோட்டங்களும் எண்களாக மாறும் இடம் இது.

இவ்வாறு பெயரிட்டு மறைக்கும் வழக்கத்திற்கு வரலாற்றிலிருந்து மற்றொரு சான்றும் காட்டலாம். 1936 சூன் திங்களில் பிரிட்டிஷ் படையினர் யாப்பாவின் பழைய நகரப் பகுதியை வெடி வைத்துத் தகர்த்தனர். ஒடுங்கிய தெருக்களுள் படை நுழைய வழி செய்வதே அதன் நோக்கம். ஆனால் வானூர்தியிலிருந்து வீசப்பட்ட துண்டறிக்கைகள் அதனை நகர்ச் சீரமைப்பு என்றன. தலைமை நீதிபதியாகிய மைக்கேல் மெக்டானல் அரசு உண்மையை மறைத்ததைத் தம் தீர்ப்பில் கண்டித்தார். பின்னர்ப் பதவியையும் இழந்தார். ஆட்சியின் ஏட்டை அவ்வாட்சியின் நீதிபதியே நம்பவில்லை. இக்காலத்து வரலாற்றுப் படைப்பாளர் அரசு ஆவணத்தை மட்டும் பற்றி நிற்றல் ஏன் இயலாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

ஐந்தாவது செய்திப்படம். 1930-களில் ஒளிப்படக் கருவியால் எடுக்கப்பெற்ற பழைய காட்சிகளை அம்மையார் வண்ணமூட்டித் தம் கதைக்கிடையே சேர்த்துள்ளார். அக்காட்சிகளை எடுத்தவர்க்கு அங்கு நடமாடிய மக்கள் பெயரற்ற கூட்டம். கதை அவர்களுக்கு அருகில் யூசுப்பையும் அப்ராவையும் நிறுத்துகின்றது. கதைமாந்தரின் முகத்தைக் கண்ட கண்ணால் பழைய காட்சியை நோக்கும்போது, அதில் கடந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு வீடும் இருந்திருத்தல் வேண்டும் என்னும் உணர்வு எழுகின்றது. 1966-இல் வெளிவந்த ‘அல்ஜியர்ஸ் போர்’ என்னும் படத்தோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். இத்தாலிய இயக்குநர் பாண்டிகார்வோ அப்படத்தில் உண்மைச் செய்திப்படத்தின் ஓரடியைத்தானும் பயன்படுத்தவில்லை. புதிதாக எடுத்த காட்சிகளையே செய்திப்படம் போலத் தோன்றச் செய்தார். அவர் கதையை ஆவணமாக்க முயன்றார். ஜாசிர் அம்மையார் ஆவணத்தைக் கதைக்குள் மீட்டுக்கொள்ள முயல்கின்றார். முன்னவர் படம் எடுத்தபோது அல்ஜீரியா விடுதலை பெற்றிருந்தது. நிகழ்ச்சி நடந்த தெருக்களிலேயே அம்மக்களைக் கொண்டே படமெடுக்க முடிந்தது. பின்னவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. 2023 அக்டோபரில் மேற்குக் கரையில் படப்பிடிப்புத் தொடங்கும் தறுவாயில் போர் மூண்டமையால், பணியின் பெரும்பகுதியை யோர்தானுக்கு மாற்ற நேர்ந்தது. பின்னர்ச் சில பகுதிகள் பாலஸ்தீனத்தில் எடுக்கப்பட்டன. இவ்வேறுபாடே இரு படங்களின் முறை வேறுபாட்டிற்கும் ஒரு காரணம்.

5. அல்-பஸ்ஸா

கதையில் வரும் அல்-பஸ்மா என்னும் பெயர், மெய்யாகவே இருந்த அல்-பஸ்ஸா என்னும் ஊரை நினைவூட்டுகின்றது. அது வடக்கே அக்காவைச் சேர்ந்த பகுதியில் லெபனான் எல்லைக்கு அருகே இருந்தது. கிறித்தவரும் முகம்மதியரும் கலந்து வாழ்ந்த ஊர். கதையில் பாதிரியார் ஒருவர் ஊர்ப் பெருமக்களுள் ஒருவராய் நிற்பது இவ்வகையில் பொருத்தமுடையது.

1938 செப்டம்பரில் அவ்வூரின் அருகே கண்ணிவெடியில் சிக்கிப் பிரிட்டிஷ் படைவீரர் சிலர் மாண்டனர். அதற்குப் பழிவாங்கும் முறையில் படையினர் ஊரைச் சுட்டும் எரித்தும் அழித்தனர். பின்னர் ஊராரைப் பேருந்தில் ஏற்றிக் கண்ணிவெடியின் மேல் செல்லுமாறு செய்தனர். ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். இச்செய்தி நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பது நோக்கத்தக்கது. அந்நாட்டுக் காவல் துறையில் பணியாற்றிய ஹாரி அரிகோனி என்பவர் பிற்காலத்தில் எழுதிய நினைவு நூலாலும், படை அலுவலர் ஒருவரின் முதுமைக்காலக் கூற்றாலும், ஊராரின் வாய்மொழியாலுமே அது நிலைபெற்றது. மேத்யூ ஹியூஸ் முதலிய வரலாற்றாசிரியர் அண்மைக் காலத்தில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். ஊரோ 1948-இல் மக்கள் வெளியேற்றப்பட்டு அழிந்தது.

இந்நிகழ்ச்சியைப் படம் தன் கதைக்குள் ஏற்று, அல்-பஸ்மாவின் துன்பமாக அமைக்கின்றது. முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இவ்விடத்தில் விடை காண முயலலாம். அரசின் ஏடு கூறாததை முதியவர் ஒருவர் இளையோருக்குக் கூறி வந்தார், அக்கூற்றே சான்றாயிற்று. ஹனான், ரபாப், அப்ரா என மூன்று தலைமுறைப் பெண்களைக் கதை ஒரே மனையில் நிறுத்துவதன் பொருள் இதுவென்று கருதுகின்றேன். பாட்டியின் பேச்சும் பேத்தியின் பார்வையும் இப்படத்தில் அணிக்காக வந்தவை அல்ல. அவையே சான்றைக் காக்கும் பெட்டகம். ஹியாம் அப்பாஸ் அம்மையார் ஹனானின் பாத்திரத்தைக் குறைந்த சொற்களாலும் நிறைந்த பார்வையாலும் நடித்துக் காட்டியிருப்பது இக்கருத்துக்கு வலிவு தருகின்றது.

வாய்மொழியின் ஆற்றலுக்கு அவ்வெழுச்சியின் வரலாற்றிலும் சான்று உண்டு. நூஹ் இப்ராஹீம் என்னும் நாட்டுப்பாடற் புலவர் எளிய அரபுப் பேச்சு வழக்கில் பாடிய பாடல்கள் ஊர்தோறும் பரவின. ஆட்சியினர் அவற்றைத் தடைசெய்தனர். 1938-இல் அவர் போரில் வீழ்ந்தார். எழுச்சியின் மனு பலவும் மறக்கப்பட்டன. அவர் பாடல்களோ மறக்கப்படவில்லை.

6. குறைகள்

இத்துணைச் சிறப்புடைய படத்தில் குறைகளும் உள. அவற்றுள் நான்கினை ஈண்டு சுட்டுவாம்.

முதலாவது, காலச் சுருக்கம். படத்தின் பெயர் ஓராண்டைக் குறிக்க, நிகழ்ச்சிகளோ மூன்றாண்டுகளை ஒன்றாக்குகின்றன. டெகார்ட் பாலஸ்தீனம் வந்தது 1937 டிசம்பரில். வாச்சோப் பதவி நீங்கியது 1938 மார்ச்சில். விங்கேட் தம் சிறப்பு இரவுப் படைகளை அமைத்தது அதன் பின்னர். கலைஞனுக்குக் காலத்தைச் சுருக்கும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் வேலைநிறுத்தம் முடிந்து ஆயுதப் போர் மூண்டமைக்கு இடைப்பட்ட காரணங்கள் இச்சுருக்கத்தில் மறைகின்றன. மனுவும் நிறுத்தமும் பயன்படாது போயின என்பதை மக்கள் அறிவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அக்காத்திருப்பின் கசப்பைப் படம் உணர்த்தவில்லை.

இரண்டாவது, விங்கேட்டின் பாத்திரம். வரலாற்று விங்கேட் விவிலியத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். யூத நாட்டின் தோற்றத்தைத் தெய்வத்தின் ஆணையாகவே கருதியவர். பின்னர் இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் படை நடத்தி, 1944-இல் இந்தியாவின் வடகிழக்கு மலைப்பகுதியில் வானூர்தி விபத்தில் மாண்டவர். தம் செயல் அறம் என்றே நம்பிக் கொடுமை புரிந்த ஒருவர், கொடுமையில் இன்பம் காணும் ஒருவரைக் காட்டிலும் அஞ்சத்தக்கவர். படம் இரண்டாவது வகையை நோக்கியே சாய்கின்றது. இதனால் அடக்குமுறை ஒரு தீயவனின் செயலாகச் சுருங்குகின்றது. டெகார்ட் வரும் காட்சிகள் இதனினும் பொருள் பொதிந்தவை. 1923 முதல் 1931 வரை கல்கத்தா நகரக் காவல் ஆணையராக இருந்து வங்க நாட்டுப் புரட்சியாளரை ஒடுக்கியவர் அவர். அங்குப் பெற்ற பயிற்சியைப் பாலஸ்தீனத்திற்குக் கொண்டு வந்தார். கோட்டை போன்ற காவல் நிலையங்களும் வடவெல்லை முள்வேலியும் அவர் அறிவுரையால் எழுந்தன. தனிமனிதனின் வெறியைவிட நாடு விட்டு நாடு செல்லும் இம்முறையே பேரரசின் உண்மை வலிமை. அந்நாளில் பிறந்த நெருக்கடிச் சட்டங்கள் 1945-இல் ஒழுங்குபடுத்தப்பட்டு, அவற்றின்கீழ் வீடுகளை இடிக்கும் வழக்கம் பின்வந்த ஆட்சியிலும் தொடர்ந்தது. படம் இந்த இழையை இன்னும் நீட்டியிருத்தல் கூடும்.

மூன்றாவது, உட்பிளவுகளைப் பற்றிய தயக்கம். ஹுசைனி, நஷாஷிபி ஆகிய பெருங்குடிகளின் பகையும், 1938-இல் எழுச்சிக்கு எதிராக அரபு மக்களுள்ளேயே பிரிட்டிஷார் துணையுடன் எழுந்த குழுக்களும் தோல்வியின் காரணங்களுள் அடங்கும். 1972-இல் எழுதிய தம் ஆய்வில் கசான் கனபானி என்னும் எழுத்தாளர் உள்நாட்டுப் பிற்போக்குத் தலைமையையும் பாலஸ்தீன மக்களின் பகைகளுள் ஒன்றாக எண்ணினார். இப்படத்தில் அப்பிளவு முழுதும் அமீர் ஒருவரின் பேராசையில் அடக்கப்படுகின்றது. யூதக் குடியேறிகளும் வேலிக்கு அப்பால் தொலைவில் காணப்படுபவராகவே உள்ளனர். ஊரார் கண்ணால் நோக்கும் கதைக்கு அத்தொலைவு பொருந்தும் எனலாம். ஆயினும் துன்பத்தினின்று தப்பி வந்தவரே பிறர் துன்பத்திற்குக் கருவியாயினர் என்னும் அவலம் கலைக்கு அரிய பொருள். அது கைநழுவியது இழப்பே.

நான்காவது, குலூத்தின் புனைபெயர். பெண் எழுத்துக்கு இடமில்லாத காலம் அது என்னும் எண்ணத்தை இக்கற்பனை விளைவிக்கின்றது. ஹைபா நகரில் ‘அல்-கர்மில்’ இதழில் சாதிஜ் நாசார் அம்மையார் தம் சொந்தப் பெயரிலேயே எழுதியும் இதழை நடத்தியும் வந்தார். அதன் பயனாக 1939-இல் சிறையும் புகுந்தார். வரலாறு தந்த துணிவைக் கற்பனை இங்குக் குறைத்துவிட்டது.

இவற்றுக்கு மாறாக ஹாப்கின்ஸின் பாத்திரம் வரலாற்றோடு நன்கு இயைகின்றது. உயர் ஆணையரின் செயலராக இருந்து, ஆட்சியின் போக்கை ஏற்காது 1936-இல் பதவி துறந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்பவரை அது நினைவூட்டுகின்றது. நல்லெண்ணமுடைய ஒருவன் தீய அமைப்பினுள் இருந்துகொண்டு அதனைத் திருத்திவிடலாம் என நம்புவதும், அந்நம்பிக்கை தளர்வதும் படத்தில் அளவோடு காட்டப்படுகின்றன. அவன் விலகுவதால் ஊருக்கு ஒரு பயனும் விளையவில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை.

7. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, ‘பாலஸ்தீனம் 36’ தனித்தலைவனை விடுத்து நிலத்தையும் பொழுதையும் முதன்மையாக்கிய அமைப்பால் தன் பொருளுக்கு உண்மையாய் நிற்கின்றது. வானொலி முதலாகச் செய்திப்படம் ஈறாக ஆட்சியின் பதிவுக் கருவிகளைக் கதைப்பொருளாக்கி, அவை கூறாததை மக்கள் நினைவிலிருந்து எடுத்துரைக்கின்றது. தீமையைத் தனிமனிதனிடத்து ஏற்றுமிடத்தும், உட்பிளவைத் தவிர்க்குமிடத்தும் அதன் வலிமை குறைகின்றது. இவ்விரு இடங்களிலும் படம் வரலாற்றினின்று விலகியமையே கலைக்குறைக்கும் காரணமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

ஆவணம் இல்லாத இடத்தில் கலைஞன் எதற்கு உண்மையாய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இப்படம் தரும் விடை தெளிவானது. துன்புற்றவர் தம் மக்களுக்குக் கூறிச் சென்ற சொல்லுக்கு அவன் கடமைப்பட்டவன். அச்சொல்லை ஏட்டோடு ஒப்பிட்டு ஆராயும் கடமையும் அவனுக்கு உண்டு. அல்-பஸ்ஸாவைக் கதையாக்கிய இடத்தில் ஜாசிர் அம்மையார் இவ்விரண்டையும் செய்துள்ளார். வாய்மொழி வழக்காற்றையும் வரலாற்றுப் புனைவையும் ஆராயும் மாணவர், ஓர் ஊரின் வாய்மொழி எவ்வாறு வரலாற்றாசிரியர் கைக்கும் பின்னர்க் கலைஞர் கைக்கும் சென்றது என்பதைப் படிப்படியாக அறிதற்கு இப்படத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எழுச்சியைப் பாடிய அரபு நாட்டுப்பாடல்களையும், வெளியேற்றப்பட்ட ஊர்களைப் பற்றி ஊராரே தொகுத்த நினைவு நூல்களையும் இதனோடு வைத்து ஆராயின் மேலும் பல உண்மைகள் புலனாகும்.